வினைக்கு வால் முளைத்தால்: ஆங்கில ஃப்ரேசல் வெர்புகளும் மரபுத்தொடர்களும்

'புட்' என்றால் வை, 'ஆஃப்' என்றால் விலகி, 'அப்' என்றால் மேலே, 'வித்' என்றால் உடன். நான்குமே தொடக்கப் பள்ளிச் சொற்கள். ஆனால் 'புட் ஆஃப்' தள்ளிப்போடுவதைக் குறிக்கிறது. 'புட் அப் வித்' பொறுத்துக்கொள்வதைக் குறிக்கிறது. தனித்தனிச் சொற்களின் பொருளைக் கூட்டிப் பார்த்தால் இந்த விடை வராது. ஒரு வினையும் அதன் பின்னால் வரும் சிறுசொல் ஒன்றோ இரண்டோ சேர்ந்து ஒரே வினையாக நடக்கும் இந்தக் கூட்டுக்கு ஆங்கிலத்தில் 'ஃப்ரேசல் வெர்ப்' என்று பெயர். 'இடியம்' எனப்படும் மரபுத்தொடர் இன்னொரு வகை. அங்கே முழுத் தொடரும் உறைந்துபோய், சொற்களுக்கு நேர்த் தொடர்பில்லாத ஒரு பொருளைத் தருகிறது. 'ஸ்பில் தி பீன்ஸ்' என்பதில் பயறும் சிந்துவதில்லை, பாத்திரமும் கவிழ்வதில்லை, ரகசியம் வெளியாகிறது. பாடப்புத்தகங்கள் இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் அடைத்துவிடுகின்றன. கற்பவருக்கு அவை தரும் தொல்லையும் ஒன்றல்ல, பயனும் ஒன்றல்ல. ஃப்ரேசல் வெர்ப் அன்றாடச் சோறு. மரபுத்தொடர் பெரும்பாலும் ஊறுகாய்.

இப்படிப்பட்ட வினைகள் அயலாரைத் திணறடிக்கும் என்பதைச் சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே குறிப்பிட்டு, அவற்றைத் தனிக் கவனத்துடன் திரட்டியதாகச் சொல்கிறார். 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் பரவியது அதற்கு வெகு காலம் கழித்து. லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் வெளியிட்ட 'வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்' நூலில் அந்தப் பெயரைக் கையாண்டார். அதை எடுத்துக் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி.

பெயர் புதிது, பொருள் பழையது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சிறுசொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நின்றன. 'வித்ஸ்டாண்ட்', 'ஓவர்கம்', 'ஃபர்கிவ்' ஆகியவை அந்தக் காலத்தின் எச்சங்கள். காலப்போக்கில் முன்னொட்டு வலுவிழக்க, அதே வேலையைச் செய்யும் சொல் வினைக்குப் பின்னால் போய் நின்றது. இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் மொழி இந்த மாற்றத்துக்குத் துணை நின்றதாகக் கருதும் அறிஞர்கள் உண்டு. இன்று மிக அதிகமாக வால் முளைக்கும் வினைகளான 'டேக்', 'கெட்' இரண்டுமே அந்த மக்கள் கொண்டுவந்தவை. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சும், கல்வியில் இலத்தீனும் கோலோச்சின. அதன் விளைவாக ஒரே செயலுக்கு ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் நிலைத்தன: வீட்டுப் பேச்சுக்கு 'புட் ஆஃப்', கடிதத்துக்கு 'போஸ்ட்போன்', வீட்டில் 'லுக் இன்டு', அலுவலகத்தில் 'இன்ஸ்பெக்ட்' அல்லது 'இன்வெஸ்டிகேட்'.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கௌரவமானவை என்று கருதப்படும் இலத்தீன் வினைகளைப் பிரித்துப் பார்த்தால் அவற்றுக்குள்ளும் இதே அமைப்புதான். 'போஸ்ட்போன்' என்பது 'பின்னால்' என்பதும் 'வை' என்பதும் சேர்ந்தது. 'எக்ஸ்க்ளூட்' என்பது 'வெளியே' என்பதும் 'மூடு' என்பதும் சேர்ந்தது. ஆங்கிலத்தின் 'ஷட் அவுட்' அதன் உடன்பிறப்பு. 'இன்ஸ்பெக்ட்' என்பது 'உள்ளே பார்'. இலத்தீன் சிறுசொல்லைத் தலையில் வைத்தது, ஆங்கிலம் வாலில் வைத்தது. ஆகவே ஃப்ரேசல் வெர்ப் கொச்சையானது, படித்தவர்கள் தவிர்க்க வேண்டியது என்று சில பள்ளிகளில் ஊட்டப்படும் எண்ணத்துக்கு வரலாற்றில் இடமில்லை. அது நடைக்கு ஏற்ற தேர்வு மட்டுமே.

தமிழருக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றுவது ஓரளவு பார்வைப் பிழை. 'தட்டு' என்ற வினையை எடுத்துக்கொள்ளலாம். தட்டிக்கேள் என்றால் அநியாயத்தை எதிர்த்து நிற்பது. தட்டிக்கொடு என்றால் ஊக்கப்படுத்துவது. தட்டிக்கழி என்றால் சாக்குச் சொல்லி நழுவுவது. பரிசைத் தட்டிச் செல்வது வேறு, கையைத் தட்டிவிடுவது வேறு. தமிழ் கற்கும் வெளிநாட்டவர் ஒருவருக்குத் தட்டு, கேள், கொடு, கழி என்ற நான்கும் தெரிந்திருந்தும் இவற்றில் ஒன்றின் பொருளும் தானாகப் புலப்படாது. 'போட்டுக்கொடு', 'போட்டுவாங்கு', 'வாங்கிக் கட்டிக்கொள்' ஆகியவை அவரை இன்னும் அலைக்கழிக்கும். 'புட் ஆஃப்' என்பதற்கு நேரான தமிழ்ச் சொல்லான 'தள்ளிப்போடு' என்பதே இரு வினைகள் ஒட்டிய கூட்டுதான். ஆங்கிலம் வினையோடு 'மேலே, வெளியே, விலகி' போன்ற திசைச்சொல்லை ஒட்டுகிறது. தமிழ் வினையோடு இன்னொரு வினையை ஒட்டுகிறது. ஒட்டியபின் பொருள் நழுவிப் புது இடத்தில் போய் உட்கார்வது இரண்டிலும் ஒன்றே.

வேறுபாடு திசையை எங்கே வைப்பது என்பதில் இருக்கிறது. உலக மொழிகளை இந்தக் கோணத்தில் வகைப்படுத்தியவர் அமெரிக்க மொழியியலாளர் லியோனார்ட் டால்மி. சில மொழிகள் நகர்வின் திசையை வினைக்குள்ளேயே வைத்துவிடுகின்றன. சில மொழிகள் வினைக்கு வெளியே ஒரு துணைச்சொல்லில் வைக்கின்றன. ஏறு, இறங்கு, நுழை, வெளியேறு என்று தமிழ் தனித்தனி வினை வைத்திருக்கும் இடத்தில், ஆங்கிலம் 'ரன்' என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு 'ரன் அப்', 'ரன் டவுன்', 'ரன் இன்', 'ரன் அவுட்' என்று வாலை மட்டும் மாற்றுகிறது. மாடிப்படியில் ஓடி ஏறினான் என்று சொல்லும்போது தமிழனின் காது வினைமுற்றைக் கவனிக்கிறது. ஆங்கிலத்தில் செய்தியின் பாதி வாலில் இருக்கிறது. வாலைக் காதில் வாங்காமல் விடுவதே தமிழ் பேசுவோர் செய்யும் முதல் பிழை.

அந்த வாலுக்கென்று சொந்தப் பொருள் உண்டு. அது எழுந்தமானத்துக்கு ஒட்டப்பட்டதன்று. 'அப்' என்பதை எடுத்துக்கொண்டால், முதலில் அது உயரம். பிறகு அளவு கூடுதல்: விலை 'கோஸ் அப்', வேகம் 'ஸ்பீட்ஸ் அப்', ஒலியை 'டர்ன் அப்' செய்கிறார்கள். கூடுவதை உயர்வாகவும் குறைவதை இறக்கமாகவும் மனிதர் நினைப்பதை ஜார்ஜ் லேக்காஃபும் மார்க் ஜான்சனும் 1980-இல் எழுதிய புகழ்பெற்ற நூல் விரிவாகப் பேசியது. தமிழிலும் விலை ஏறுகிறது, கோபம் தலைக்கேறுகிறது, காய்ச்சல் இறங்குகிறது. அடுத்து, 'அப்' என்பதற்கு முழுமை என்ற பொருள் வருகிறது. குவளையில் நீர் விளிம்புவரை ஏறிவிட்டால் நிறைந்துவிட்டது என்றுதானே அர்த்தம்! 'ஈட் அப்' என்றால் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடிப்பது, 'யூஸ் அப்' என்றால் தீர்த்துவிடுவது, 'டிரை அப்' என்றால் வற்றிப்போவது. தமிழில் முடி, தீர், விடு, போ என்ற துணைவினைகள் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இந்த ஈரெழுத்துச் சொல் செய்கிறது. மூன்றாவதாக, கண்முன் தோன்றுதல்: 'ஷோ அப்', 'டர்ன் அப்', 'கம் அப்'. இந்த மூன்று இழைகளும் கைவசமானால் 'அப்' வரும் வினைகளில் பலவற்றை ஊகித்துவிடலாம்.

'அவுட்' இன்னும் தந்திரமானது. நட்சத்திரம் 'கம்ஸ் அவுட்' என்றால் கண்ணுக்குத் தெரிகிறது. விளக்கு 'கோஸ் அவுட்' என்றால் அணைந்துபோகிறது. ஒரே 'வெளியே' எப்படித் தோற்றத்தையும் மறைவையும் குறிக்கும்? பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பதில் விடை இருக்கிறது. மறைவிடத்திலிருந்து வெளியே வந்தால் பொருள் கண்ணில் படும். பார்வை எல்லையைவிட்டு வெளியே போனால் கண்ணிலிருந்து மறையும். 'அப்', 'அவுட்' இரண்டையும் இப்படிப் படிநிலையாக ஆராய்ந்த சூசன் லிண்ட்னரின் 1981 ஆய்வேடு இத்துறையில் ஒரு திருப்பம். ஆனால் எல்லாவற்றுக்கும் இந்தச் சாவி பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது. விளக்கு 'கோஸ் ஆஃப்' என்றால் அணைகிறது. அலாரம் 'கோஸ் ஆஃப்' என்றால் அடிக்கிறது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு இரண்டாவதை விளக்கிப் புரியவைக்க முடியாது. சிலவற்றை அப்படியே மனத்தில் போட்டுக்கொள்வது தவிர வேறு வழியில்லை.

இலக்கணத்தில் தொல்லை தருவது வால் நகர்வது. மின்விசிறியை நிறுத்தச் சொல்ல 'டர்ன் ஆஃப் தி ஃபேன்' என்றும் 'டர்ன் தி ஃபேன் ஆஃப்' என்றும் சொல்லலாம். விசிறியின் பெயரைச் சொல்லாமல் 'அது' என்று சுட்டினால் 'டர்ன் இட் ஆஃப்' மட்டுமே சரி. 'டர்ன் ஆஃப் இட்' தவறு. கவனித்துக்கொள்வதைக் குறிக்கும் 'லுக் ஆஃப்டர்' பிரியவே பிரியாது. மூன்று சொல் கூட்டான 'புட் அப் வித்' போன்றவற்றில் சகித்துக்கொள்ளப்படும் ஆளோ பொருளோ எப்போதும் கடைசியில்தான் வரும். பேச்சில் இதற்கு ஒரு அடையாளம் உண்டு: பிரியக்கூடிய வாலுக்கு அழுத்தம் விழும், பிரியாத 'ஆஃப்டர்' போன்றவை பெரும்பாலும் அழுத்தமின்றி நழுவும். வினை பெயராகும்போது அழுத்தம் முன்னால் தாவிவிடுகிறது. வண்டி 'பிரேக்ஸ் டவுன்' என்று சொல்லும்போது அழுத்தம் 'டவுன்' மேல். 'பிரேக்டவுன்' ஆகிவிட்டால் 'பிரேக்' மேல்.

இந்தப் பெயர் வடிவங்கள்தாம் தமிழுக்குள் சரளமாக நுழைந்திருக்கின்றன. படப்பிடிப்பு முடிந்தால் பேக்கப், நடிகரின் தோற்றம் கெட்டப், திரையரங்கு வாசலில் கட்-அவுட், காவல் நிலையத்தில் லாக்கப், மருத்துவமனையில் செக்கப். வந்த இடத்தில் சில பொருளையும் மாற்றிக்கொண்டன. ஆங்கிலத்தில் முதன்மையாக ஏற்பாடு, அமைப்பு என்று பொருள்படும் 'செட்டப்' தமிழ்ப் பேச்சில் போலியாக ஜோடித்த ஏற்பாடு என்ற வாடையைப் பெற்றுவிட்டது. 'பிக்கப்' மட்டும் விசுவாசமாக இருக்கிறது. அலுவலகக் கார் பிக்கப் செய்ய வருகிறது, பைக்கில் பிக்கப் நன்றாக இருக்கிறது, வியாபாரம் பிக்கப் ஆகிவிட்டது: ஏற்றிக்கொள்வது, வேகம் எடுப்பது, முன்னேற்றம் காண்பது என்ற மூன்று பொருளும் ஆங்கிலத்தில் உள்ளவையே. அகராதியைத் திறக்காத மெக்கானிக் ஒருவருக்கு இந்த ஒரு வினையின் மூன்று கிளை கைவசம். அவருக்கு இனித் தெரிய வேண்டியது, ஒரு மொழியைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொள்வதும், எங்கிருந்தோ நோய் தொற்றிக்கொள்வதும் 'பிக் அப்' என்பது மட்டுமே.

எத்தனை படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு உரைத்தொகுப்பு ஆய்வுகள் தெளிவான விடை தருகின்றன. 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசிய உரைத்தொகுப்பை அலசிய கார்ட்னர், டேவிஸ் இருவரும், 20 வினைகளும் 8 சிறுசொற்களும் தமக்குள் சேர்ந்து உருவாக்கும் கூட்டுகளே மொத்தப் பயன்பாட்டில் பாதிக்குமேல் வருவதாக 2007-இல் காட்டினர். சராசரியாக 150 சொற்களுக்கு ஒரு ஃப்ரேசல் வெர்ப் எதிர்ப்படும் என்பதும் இவர்களின் கணக்கு. ஆயிரக்கணக்கில் பட்டியலிட்டு மிரட்டும் கையேடுகளை இந்தக் கணக்கு ஓரங்கட்டிவிடுகிறது. ஆனால் பொறி வேறிடத்தில் இருக்கிறது: முதல் 100 ஃப்ரேசல் வெர்புகளுக்கு மட்டும் 559 பொருள்கள் தேறின. அத்தனையும் புழக்கத்தில் சமமாக இல்லை. கார்னியேவும் ஷ்மிட்டும் 2015-இல் 150 வினைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் அதிகம் வழங்கும் பொருள்களை மட்டும் வடித்து, 288 என்ற எண்ணிக்கையில் நிறுத்தினர். மாதம் 25 வீதம் படித்தால் ஓராண்டில் முடிந்துவிடும் அளவு இது.

சிறுசொற்களின் சுமையை எல்லாவற்றையும்விட அப்பட்டமாகக் காட்டியது, அதை மறைக்க முயன்ற ஒரு திட்டம். சி. கே. ஆக்டன் 1930-இல் 850 சொற்களே கொண்ட 'பேசிக் இங்கிலிஷ்' என்ற எளிய ஆங்கிலத்தை முன்வைத்தார். அதில் வினைகள் வெறும் 18. மற்ற வினைகளின் வேலையை 'கோ', 'கெட்', 'புட்', 'டேக்' போன்றவை சிறுசொற்களோடு சேர்ந்து பார்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. காகிதத்தில் 850, உண்மையில் அயல்நாட்டவர் 'கிவ் அப்', 'கோ ஆன்', 'புட் அப் வித்' என ஒவ்வொரு கூட்டையும் புதுச் சொல்லாகவே கற்க வேண்டியிருந்தது. டாக்காவில் ஆங்கிலம் கற்பித்து அனுபவம் பெற்ற மைக்கேல் வெஸ்ட் இத்திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தவர்களில் ஒருவர். எளிய சொல் என்பது எளிதில் கற்கக்கூடிய சொல் என்று ஆகிவிடாது.

கற்பவர்கள் இந்த வினைகளைத் தெரிந்தே தவிர்ப்பதையும் ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. டாகுட், லாவுஃபர் இருவரும் 1985-இல் எபிரேய மொழி பேசும் மாணவர்களைச் சோதித்தபோது, அவர்கள் ஒற்றைச் சொல் வினைகளையே நாடினர்; எபிரேயத்தில் இப்படி ஒரு வகை இல்லாததே காரணம் என்று கருதப்பட்டது. ஆனால் 1989-இல் ஹுல்ஸ்டைனும் மார்சேனாவும் டச்சு மாணவர்களிடம் கண்டது வேறு. டச்சு மொழியில் இவ்வகை வினைகள் நிறைய உண்டு. இருந்தும் அவர்கள் சிலவற்றைத் தவிர்த்தனர், அவை தங்கள் மொழியைப் போலவே இருந்ததால் நம்ப மறுத்து! தமிழ் மாணவர் நிலை முதல் வகைக்கு நெருக்கமானது. அதோடு அவருக்கு ஆங்கிலம் பெரும்பாலும் பாடநூல் வழியாகவும் அரசாணை நடை வழியாகவும் வருவதால் இலத்தீன் வினைகள் முதலில் பழகிவிடுகின்றன. 'டாலரேட்' சுலபமாக வாயில் வருகிறது. 'புட் அப் வித்' வருவதில்லை. எழுத்தில் இது குறையன்று. தொலைபேசியில்தான் மாட்டிக்கொள்கிறார்: 'ஹோல்ட் ஆன்', 'புட் த்ரூ', 'ஹேங் அப்' என்று மறுமுனை அடுக்கும்போது மாற்றுச் சொல் தேட நேரமிருப்பதில்லை. இணைப்பைத் துண்டிப்பதை 'ஹேங் அப்' என்பது, சுவரில் பதித்த பழைய தொலைபேசியின் கொக்கியில் ரிசீவரை மாட்டிய காலத்தின் நினைவு. மேசைமேல் வைத்த கருவியைப் பார்த்துப் பழகிய தமிழ், 'போனை வை' என்கிறது.

மரபுத்தொடர்களிலும் இப்படிப் பலவற்றுக்குப் பின்னால் ஒரு தொழிலோ ஆட்டமோ நூலோ இருக்கிறது. 'டேக்கன் அபேக்' பாய்மரக் கப்பலிலிருந்து வந்தது: காற்று திடீரென எதிர்ப்புறமிருந்து அடித்துப் பாயை மரத்தோடு அழுத்த, கப்பல் தடுமாறி நின்றுவிடும். திடுக்கிட்டு நிற்பவரை அப்படிச் சொல்கிறார்கள். 'ஸ்டிக்கி விக்கெட்' கிரிக்கெட்டிலிருந்து வந்தது. ஆடுகளத்தை மழைக்கு மூடாத காலத்தில், நனைந்த தரை வெயிலில் காயும்போது பந்து எப்படி எழும்பும் என்று மட்டையாளரால் கணிக்க முடியாது. அத்தகைய ஆடுகளம் இன்று அரிதாகிவிட்டது. இக்கட்டில் மாட்டிய அமைச்சர்கள் மட்டும் இன்னும் அதன்மேல் நிற்கிறார்கள். 'ஸ்கேப்கோட்' 1530-இல் வில்லியம் டிண்டேல் பைபிளை மொழிபெயர்த்தபோது உருவாக்கிய சொல். தமிழின் பலிகடாவோடு அதைச் சமமாக வைத்தாலும் சிறு முரண் உண்டு: பைபிளில் பிறர் பாவத்தைச் சுமக்கும் ஆடு வெட்டப்படுவதில்லை, வனாந்தரத்துக்கு ஓட்டிவிடப்படுகிறது.

இத்தகைய பின்னணியைச் சொல்லிக் கொடுத்தால் தொடர் மனத்தில் நிற்கிறது என்பதை பெல்ஜிய ஆய்வாளர் ஃபிராங்க் போர்ஸும் உடன் பணியாற்றியோரும் சோதனைகளில் கண்டனர். கதை உண்மையாக இருக்க வேண்டும் என்பது தனி விஷயம். கொட்டும் மழையைக் குறிக்கும் 'கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' தொடர் கூரையில் படுத்த நாயும் பூனையும் வழுக்கி விழுந்ததால் வந்தது என்று மின்னஞ்சல்களில் சுற்றும் கதைக்குச் சான்று கிடையாது. ஜொனதன் ஸ்விஃப்டின் 1738 நூலில் அத்தொடர் இருக்கிறது; ஏன் பூனையும் நாயும் என்பது இன்றும் புதிர்.

உறைந்த தொடர்களிலும் உறைநிலை வேறுபடுகிறது. தமிழில் 'குட்டை உடைத்தான்' என்பதைக் 'குட்டு உடைந்தது' என்று திருப்பலாம், பொருள் கெடாது. 'மண்டையைப் போட்டான்' என்பதை 'மண்டை போடப்பட்டது' என்று மாற்றினால் செத்தவன் காணாமல் போய்விடுவான். ஆங்கிலத்தில் 'ஸ்பில் தி பீன்ஸ்' முதல் வகை: 'ஸ்பில்' வெளியிடுதலுக்கும் 'பீன்ஸ்' ரகசியத்துக்கும் நிற்பதால் தொடரைச் செயப்பாட்டு வினையாக்கலாம். வாளியை உதைப்பது என்ற சொற்பொருள் கொண்ட 'கிக் தி பக்கெட்' இரண்டாம் வகை, 'மண்டையைப் போட்டான்' என்பதன் நேர்ச்சோடி. இறந்தவரின் வீட்டில் அதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் இரண்டு மொழியிலும் ஒன்றே. அங்கே 'காலமானார்' என்பதற்கு ஈடான 'பாஸ்ட் அவே' வேண்டும். ரோசமண்ட் மூன் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, வண்ணமயமான மரபுத்தொடர்கள் பல எழுத்திலும் பேச்சிலும் மிக அரிதாகவே வருகின்றன என்று காட்டியது. தேர்வுக்காக நூறு தொடரை மனப்பாடம் செய்து கட்டுரையில் வாரித் தெளிக்கும் மாணவர், ஊறுகாயைச் சோறாக உண்பவர். மரபுத்தொடர்களைக் கண்டால் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்திருந்தால் பெரும்பாலும் போதும். சொந்த நடையில் அவற்றைக் கலப்பது பிறகு.

அகராதி பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஏ. எஸ். ஹார்ன்பி 1942-இல் டோக்கியோவில் வெளியிட்டு, பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகப் பெயர்பெற்ற அகராதி முதலாக, மாணவர் அகராதிகள் வினையின் பொருளோடு அதைக் கையாளும் முறையையும் காட்டி வருகின்றன. இன்றைய பதிப்புகளில் ஆளையோ பொருளையோ குறிக்கும் சுருக்கக் குறி வினைக்கும் வாலுக்கும் நடுவில் இருந்தால் பிரிக்கலாம். வாலுக்குப் பின்னால் இருந்தால் பிரிக்கக் கூடாது. இதைக் கவனிப்பவர் பத்தில் ஒருவர்கூட இல்லை போலும். குறிப்பேட்டில் 'கால் ஆஃப் — ரத்து செய்' என்று மட்டும் எழுதுவது அரை வேலை. கூட்டத்தையா, போராட்டத்தையா, திருமணத்தையா என்று செயப்படுபொருளையும் சேர்த்து எழுதினால் வினை அதன் கூட்டாளியோடு நினைவில் தங்கும்.

இந்தியாவில் படித்தவர் ஒரு சங்கதியில் மட்டும் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது. இங்கே சில கூட்டுகளுக்குத் தனி வாழ்க்கை உண்டு. 'கோப் வித்' என்பதோடு 'கீப் அப் வித்' நினைவு கலந்து 'கோப் அப் வித்' ஆகிவிட்டது. பிற நாட்டவர் அதைப் பிழையாகவே எண்ணுவர். அலுவலகங்களில் கோப்பை 'புட் அப்' செய்வது இங்குள்ளோருக்கு மட்டும் புரியும் நிர்வாக மொழி. 'நான் 2015-இல் பாஸ் அவுட்' என்று கல்லூரிப் படிப்பு முடிந்ததைச் சொல்வது ராணுவப் பயிற்சிக் கழகங்களின் வழக்கோடு ஒத்துப்போகிறது. சென்னைப் பரங்கிமலை அகாடமியில் பயிற்சி முடித்தவர்களின் அணிவகுப்புக்கும் அந்தப் பெயர்தான். ஆனால் லண்டனிலோ நியூயார்க்கிலோ சாதாரணப் பேச்சில் 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுவது. வேலை விண்ணப்பத்தில் 'கிராஜுவேட்டட்' என்று எழுதிவிட்டால் அந்த மயக்கம் நேராது.